டவுன் சேவல்

"மனிதகுலம் தாலாட்டைக் கண்டடைந்த பின் குழந்தைகளின் பொருட்டு நிகழ்ந்த ஒரே மாபெரும் பண்பாட்டுப் புரட்சி, புதுச்சேரி உப்பளத்தில் 'குட்டிக்கரணம் ஆடியோ' பிறந்த அந்தப் பொன்னாளில்தான் நிகழ்ந்தது" என்று தொடங்குகிறது அந்த நிறுவனத்தின் வரலாற்று நூல்.

அந்தப் பொன்னாளில் கடையின் பெயர் குட்டிக்கரணம் அல்ல. 'தணிகாசலம் ஒப்பாரி கேசட்ஸ்'. ஒப்பாரி எதிர்பார்த்தபடி விற்கவில்லை. ஊரில் சாவு குறைந்துவிடவில்லை. தெருவுக்கு ஒருவர் வாங்கிய கேசட்டை எல்லோரும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். மிஞ்சிய கேசட்டுகளின் மேலேயே குழந்தைப் பாட்டைப் பதிந்து விற்றதுதான் புரட்சி. அதனால் முதல் தொகுப்பில், முயல்குட்டிப் பாட்டு முடிந்த கையோடு, "போயிட்டியே மவராசா" என்று ஒரு குரல் அடியிலிருந்து மெல்ல எழும். ஒரு தலைமுறைப் பாண்டிச்சேரிக் குழந்தைகள் அதைக் கேட்டுத்தான் நிம்மதியாகத் தூங்கின.

நூலில் இந்தச் செய்தி இல்லை. நிறுவனரின் ஜாதகக் கட்டம் இருக்கிறது.

அந்த நூலைத்தான் ஒரு வியாழக்கிழமை காலை, உப்பளத்தில் பஞ்சர் கடைக்கு மேலே இருந்த 'சுமலதா துப்பறியும் நிலைய'த்தின் மேசைமீது தொப்பென்று போட்டார் ழனெத். எழுபதை நெருங்கும் வயது, வெட்டிய நரைமுடி, பூப்போட்ட கவுன். ஒரு காலத்தில் பிரெஞ்சுப் பள்ளியொன்றில் பாலர் வகுப்பு டீச்சர்.

"நாப்பத்தொண்ணாம் பக்கம் படிங்க" என்றார்.

சுமலதா நூலைத் தொடவில்லை, டீயை ஆற்றிக்கொண்டிருந்தாள். பக்கத்து நாற்காலியிலிருந்து வெற்றிச்செல்வன் பாய்ந்து எடுத்தான். அவன் அவளுடைய கணவனின் தம்பி. இன்ஷூரன்ஸ் ஏஜெண்டாக இருந்து சலித்து, இப்போது அண்ணியின் உதவியாளன். அந்த நிலையத்துக்கு வரும் வேலையில் பெரும்பங்கு மாப்பிள்ளை குடிப்பாரா என்று விசாரிப்பதுதான். ஆனாலும் அவன் வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்தான். படிப்பதற்காக அதைக் கழற்ற வேண்டியிருந்தது.

"'நிறுவனரே யாத்து, நிறுவனரே இசையமைத்த இப்பாடல்களைக் கூலிக்குப் பாடிக்கொடுத்தவர் ஒரு பெண்மணி.'"

"அந்த ஒரு பெண்மணி நான்தான்" என்றார் ழனெத். "என் கார்த் ஐதாந்தித்தேவுல, அடையாள அட்டையில, 'ஒரு பெண்மணி'ன்னா பேர் போட்டிருக்கு? பாடுனது நான், சரி. எழுதுனதும் நான். என் கிளாஸ் பிள்ளைங்களுக்குக் கட்டுன பாட்டு எல்லாம். முசியே தணிகாசலம் ஒரு வரி எழுதல. ஒப்பாரிக்கு ரசீது எழுதுவாரு, அவ்வளவுதான்."

"அப்பவே பேர் கேக்கலியா மதாம்?" என்றாள் சுமலதா.

"கேசட் அட்டையில 'மழலைக் குயில்'னு போட்டாரு. சின்ன வயசு, அதுவே நல்லாத்தான் இருந்துச்சு. குயிலா இருந்தவளை இப்பக் கூலியாக்கிட்டாங்க. விடுவேனா?"

தணிகாசலம் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. நிறுவனம் இப்போது மகன் பிரேம்குமார் கையில். ஞாயிறு மாலை கடற்கரையோர மண்டபத்தில் நூல் வெளியீடு. ழனெத் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். முன்வரிசை நாற்காலியும் மேடையில் பொன்னாடையும் தருவதாக அந்த மகன் சொல்லியிருக்கிறான்.

"பொன்னாடை எங்கிட்ட ரெண்டு இருக்குப்பான்னேன். ஒண்ணு ஃபிரிட்ஜ் மேல, ஒண்ணு தையல் மெஷின் மேல. மூணாவது மூட என் வீட்ல ஒண்ணுமில்ல, பேரைப் போடுன்னேன். அதுக்கப்புறம்தான் இதை அனுப்புனான்."

அவர் போனை நீட்டினார். 'கண்டெடுக்கப்பட்ட முதல் ஒலிப்பதிவு' என்று தலைப்பிட்டிருந்தது. தணிகாசலத்தின் குரல், தனியாக, வாத்தியம் எதுவும் இல்லாமல். பின்னால் பழைய மின்விசிறி ஒன்று கீச், கீச் என்று சுற்றியது.

"சேவலண்ணே சேவலண்ணே, ஊர எழுப்புறியே…"

நிசப்தம். மறுபடி குரல்.

"கோக்கோரிக்கோ கோக்கோரிக்கோன்னு கூவித் திரியிறியே…"

நிசப்தம்.

"எங்க வாத்தியார மட்டும் கொஞ்சம் தூங்க விடுறியா?"

வெற்றிச்செல்வன் கூடவே முணுமுணுத்துக் கடைசியில் தாளமும் போட்டுவிட்டான். "சாரி மதாம். பழக்கதோஷம். பாண்டியில பொறந்தவன் எவனும் இதைக் கேட்டுட்டு வாயைச் சும்மா வச்சிருக்க முடியாது."

"நான் ஸ்டூடியோவுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடியே அவங்கப்பா பாடி வச்சதாம்" என்றார் ழனெத். "குரல் அவருதுதான், பொய் சொல்லமாட்டேன். ஆனா எப்படிப் பாடுனாரு, எப்பப் பாடுனாரு, எனக்கு ஞாபகம் இல்ல. ஞாயித்துக்கிழமை இதை அந்த மேடையில போட்டுட்டாங்கன்னா, அதுக்கப்புறம் நான் என்ன சொன்னாலும் கிழவி உளறல். புரியுதா?"

"இன்னொரு தடவை போடுங்க" என்றாள் சுமலதா. கேட்டுவிட்டு டீயை ஒரு மடக்கில் குடித்தாள். "பாட்டு நல்லாருக்கு மதாம். நான் கடலூர்ல வளந்தவ, இந்தக் கேசட் அங்க வரல. இப்பதான் முதல் தடவ கேக்குறேன்."

"அடடா, பாவம் அண்ணி" என்றான் வெற்றிச்செல்வன் உண்மையான இரக்கத்தோடு.

"ஆமா. ஆனா அதுவும் நல்லதுக்குத்தான்" என்றாள் சுமலதா.

* * *

குட்டிக்கரணத்தின் தலைமையகம் தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் வாளி செய்யும் பட்டறைக்கும் பேட்டரிக் கிடங்குக்கும் நடுவில் இருந்தது. வாசலில் குட்டிக்கரணம் அடிக்கும் கரடிச் சிலை. அதன் காலை ஏதோ லாரி உடைத்திருந்ததால், கரடி கீழே விழுந்துகொண்டிருப்பதுபோல் இருந்தது.

மறுநாள் அங்கே மூன்று பேர் அவர்களை வரவேற்றார்கள். முதலாமவன் பிரேம்குமார், நாற்பதைத் தாண்டியவன், லினன் சட்டை, மரியாதையான பேச்சு. இரண்டாமவர் நூலை எழுதிய முனைவர் தமிழ்மாறன், விழுப்புரத்திலிருந்து வந்தவர். 'மழலையியல்' என்னும் துறையை நிறுவியவர். அந்தத் துறையில் உலகிலேயே அவர் ஒருவர்தான் இருந்தார். ஆகவே அதன் தலைவரும் அவரே. மூன்றாமவர் காத்தவராயன், தொடக்கத்திலிருந்தே ஒலிப்பதிவும், பிறகு வீடியோவும் பார்த்துக்கொண்ட பெரியவர்.

"அப்பா சேதராப்பட்டு மண்ணுல பொறந்தவரு" என்றான் பிரேம்குமார். "விவசாயக் குடும்பம். காலையில சேவல் கூவ எழுந்து வயலுக்குப் போனவரு. அந்தச் சேவல்தான் பாட்டாச்சு. ழனெத் ஆன்ட்டி நல்லாப் பாடுவாங்க, மறுக்கல. ஆனா பாட்டு மண்ணுலேர்ந்து வருது பாருங்க, அது வேற."

"மண்வாசம்!" என்றார் முனைவர். "பிறமொழிக் கலப்பற்ற உழவன் குரல். ஒன்பதாம் இயலில் நிறுவியிருக்கிறேன்."

"பிரெஞ்சு தெரியுமா அப்பாவுக்கு?" என்று சுமலதா கேட்டாள்.

பிரேம்குமார் சிரித்தான். "ஒரு வார்த்தை வராது மேடம். ழனெத்ங்கிற பேரே வாயில நுழையாம, சாகுற வரைக்கும் ஜானகின்னுதான் கூப்பிட்டாரு."

வெற்றிச்செல்வன் அதைப் பெருமிதமாகக் குறித்துக்கொண்டான். எதற்கென்று அவனுக்குத் தெரியாது.

"அந்த முதல் பதிவு கேசட் எங்க? பாக்கலாமா?"

"பீரோவுல நான்தான் கண்டெடுத்தேன். முனைவர் ஆய்வுக்கு வாங்கிட்டுப் போனாரு" என்றான் பிரேம்குமார்.

"கேட்டு முடித்ததும் காத்தவராயனிடம் ஒப்படைத்தேன்" என்றார் முனைவர்.

"கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு முதலாளிகிட்டயே குடுத்துட்டேனே" என்றார் காத்தவராயன். "ஏத்துன ஃபைலும் மூணு பேருகிட்டயும் இருக்கு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பக்கத்துப் பட்டறையில் வாளிகள் சரிந்து விழுந்தன.

"பரவாயில்ல, தேடுங்க" என்றாள் சுமலதா. "அதுவரைக்கும் உங்க பழைய வீடியோ ஏதாவது போடுங்க. அப்பா வர்ற மாதிரி."

கேசட்டுக்குப் பின் குட்டிக்கரணம் வீடியோவுக்குத் தாவியது. பெரிய பெட்டி வீடியோ கேசட்டு, பிறகு குறுந்தட்டு, இப்போது போனில் ஆடும் ஊதா நிற யானை. காத்தவராயன் ஒரு தட்டைப் போட்டார். 'பண்ணைக்குப் போகலாம்'. சேதராப்பட்டு வயலில், கஞ்சி போட்ட சரிகை வேட்டியும் கைக்கடிகாரமுமாக, உழவர் வேடத்தில் தணிகாசலம் வந்தார். "குழந்தைகளே, இதுதான் நமது நண்பன் சேவல்" என்று மேடைத் தமிழில் தொடங்கினார். நண்பன் எகிறி அவர் தோளில் ஏறினான்.

"ஏய், போ! கொக்கரக்கோ, போடா அந்தாண்ட! காத்தவராயா, கேமராவ நிறுத்துய்யா!"

"நிறுத்தல" என்றார் காத்தவராயன் திருப்தியோடு. "பசங்க அந்த எடத்தைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொல்லுவாங்களாம்."

சுமலதாவும் அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னாள்.

வெளியே வந்ததும் வெற்றிச்செல்வன் பொரிந்தான். "அண்ணி, எனக்குத் தெரிஞ்சுபோச்சு. முனைவர்தான். உழவன் குரல் வேணும்னு கேசட்டை என்னமோ பண்ணிட்டாரு. அந்தாளு மூஞ்சியே சரியில்ல."

"மூஞ்சி இருக்கட்டும். அந்தப் பாட்டுல சேவல் எப்படிக் கூவுது?"

"கோக்கோரிக்கோ."

"நிஜச் சேவல்?"

"அதேதான், கோக்கோரிக்கோ. வேற எப்படிக் கூவும்?"

சுமலதா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "நீ இல்லன்னா நான் என்ன பண்ணுவேன் வெற்றி" என்றாள். அவன் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டான்.

* * *

சனிக்கிழமை காலை மண்டபத்தில் ஒத்திகை. மேடைக்குப் பின்னால் இருபதடி உயரத் தணிகாசலம் கை உயர்த்தி நின்றார். சுமலதா எல்லோரையும் மேடை நாற்காலிகளில் உட்காரவைத்தாள். ழனெத் மட்டும் உட்கார மறுத்தார். "பேர் வர்ற வரைக்கும் நான் நிக்கிறேன்" என்றார்.

"ஒரே ஒரு கேள்விதான்" என்றாள் சுமலதா. "ஆளுக்கொரு தடவ பதில் சொல்லணும். சேவல் எப்படிக் கூவும்?"

"இதென்ன விளையாட்டு?" என்றார் முனைவர்.

"நீங்க மழலையியல் தலைவர். உங்களுக்குத் தெரியாததா?"

முனைவர் தொண்டையைச் செருமினார். துண்டைச் சரிசெய்தார். "கொக்கரக்கோ."

"பெரியவரே?"

"கொக்கரக்கோதான். வேற என்னா?" என்றார் காத்தவராயன்.

"பிரேம்குமார் சார்?"

"கோக்கோரிக்கோ" என்றான் பிரேம்குமார். பிறகு மற்ற இருவரையும் குழப்பத்தோடு பார்த்தான். "அதானே எல்லாரும் சொன்னீங்க?"

"மதாம்?"

"கோக்கோரிக்கோ. எங்க பள்ளிக்கூடத்துல படப் புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கும். பிரெஞ்சுச் சேவல் அப்படித்தான் கூவும்" என்றார் ழனெத். சொன்ன பிறகே அவருக்கு உறைத்தது. "அய்யோ, மோன் தியே. தமிழ்ச் சேவல் அப்படிக் கூவாதுல்ல?"

"கூவாது" என்றாள் சுமலதா. "கடலூர்லயும் கூவாது, விழுப்புரத்துலயும் கூவாது, சேதராப்பட்டுலயும் கூவாது. உங்க கேசட் வந்ததுக்கப்புறம் இந்த ஊர்ப் பிள்ளைங்க மட்டும் அப்படிக் கூவுது. சேவலுங்க இன்னும் மாறல. நான் அந்தக் கேசட் கேட்டு வளரல. அதனால முதல் தடவையே காதுல குத்துச்சு."

அவள் முனைவர் பக்கம் திரும்பினாள். "தணிகாசலம் ஐயா சேதராப்பட்டுக்காரரு. ஒரு பிரெஞ்சு வார்த்தை வராதுன்னு புள்ளையே சொல்றாரு. நீங்க ஒரு இயலே எழுதியிருக்கீங்க. நிஜச் சேவல் தோள்ல ஏறுனப்போ அவர் வாயில வந்தது கொக்கரக்கோ. பயத்துல யாரும் பாடம் ஒப்பிக்கமாட்டாங்க, சொந்த பாஷைதான் வரும். அப்படிப்பட்டவரு தானே கட்டுன பாட்டுல கோக்கோரிக்கோன்னு எப்படிப் பாடுவாரு?"

"யாராவது சொல்லிக்குடுத்தாத்தான்!" என்று வெற்றிச்செல்வன் எழுந்துவிட்டான்.

"உக்காரு. சொல்லிக்குடுத்தவங்க குரல் எங்கேங்கிறதுதான் அடுத்தது. அந்தப் பதிவுல ஐயா பாடும்போது ஃபேன் கீச்சுங்குது. வரி முடிஞ்சதும் ஃபேனும் நின்னுடுது. அடுத்த வரிக்கு மறுபடி சுத்துது. எந்த ஊர்லயும் கரண்டு இப்படிப் பாட்டுக்கு ஏத்த மாதிரி போய்ப் போய் வராது. அந்த எடத்துல இருந்த ஒரு குரலை யாரோ அழிச்சிருக்காங்க. கூடவே ஃபேனும் போயிடுச்சு."

காத்தவராயனின் முகம் சிவந்தது. "ஃபேனுமா போயிடுச்சு? நான் ஏத்துனப்போ ஃபேன் முழுசா இருந்துச்சும்மா! நான் வெட்டியிருந்தா இப்படியா வெட்டுவேன்? வெட்டுன எடத்துல ஃபேன் சத்தத்தை எடுத்து நிரப்பியிருக்க மாட்டேன்? இது எவனோ கத்துக்குட்டி போன்ல தடவுன வேலை."

"உங்களுக்குத் தெரிஞ்ச ரகசியத்தை ஏன் இவ்வளவு நாளாச் சொல்லல?"

"யாருமே கேக்கலியேம்மா. கரடிக் காலு ஒடைஞ்சதுக்கே யாரும் என்னைக் கேக்கல."

"சரி, நீங்க இல்ல. முனைவர் ஐயாவும் இல்ல." சுமலதா நூலைப் பிரித்தாள். "பாட்டை அச்சடிக்கும்போது இவரு கொக்கரக்கோன்னு திருத்தியிருக்காரு. அந்த வார்த்தை இவரை உறுத்தியிருக்கு."

"பாடபேதம்" என்றார் முனைவர் பலவீனமாக. "செம்பதிப்பு நெறி. கேசட்டில் கேட்ட பெண்குரலையும் இடைச்செருகல் என்றுதான் விட்டுவிட்டேன்."

"அச்சுலயே விட மனசு வராதவரு ஒலியில விட்டுவைப்பாரா? முதல்ல அதைத்தான் வெட்டியிருப்பாரு. அப்ப வெட்டுனவரு யாரு? அந்த வார்த்தையை நூறு தடவ கேட்டும் அதுல ஒரு தப்பும் தெரியாத ஆளு. இந்தக் கேசட்டைக் கேட்டே வளந்த ஆளு. இந்த மூணு பேர்ல அப்படி ஒருத்தருதான்."

யாரும் பிரேம்குமாரைப் பார்க்கவில்லை. அது பார்ப்பதைவிட மோசமாக இருந்தது.

"ஒண்ணாங் கிளாஸ்ல கேட்டாங்க" என்றான் அவன். "'டேய், உங்கப்பாவாடா இதெல்லாம் எழுதுனாரு?'ன்னு. ஆமான்னேன். டீச்சர் கைதட்டச் சொன்னாங்க. அன்னையிலேர்ந்து ஆமான்னே சொல்லிட்டு வர்றேன். அப்பாவும் இல்லன்னு சொல்லல. அப்புறம் நான் மட்டும் எப்படி ஆன்ட்டி இல்லன்றது?"

"இப்பச் சொன்னியே, அதே மாதிரித்தான்" என்றார் ழனெத். "கேசட்டைக் குடு."

அது அவன் பையிலேயே இருந்தது. அழிக்க மனம் வரவில்லை. அப்பாவின் குரல் அதில்தான் இருந்தது. காத்தவராயன் தன் ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து பழைய டேப் ரிகார்டரை எடுத்துவந்து மேடை நடுவில் வைத்தார். மின்விசிறி கீச்சிட்டது. முதலில் வந்தது ஒரு இளம்பெண்ணின் குரல். ஒவ்வொரு வரியையும் அவள் பாடிக்காட்ட, தணிகாசலம் திருப்பிப் பாடினார். சேவலிடம் வந்ததும் சிக்கியது.

"வாயைக் குவிங்க முசியே. கோ-க்கோ-ரி-க்கோ."

"எங்க ஊர்ல கொக்கரக்கோன்னுதாம்மா கூவும், ஜானகி."

"இது டவுன் சேவல் முசியே. சொன்னபடி கூவுங்க. நாளைக்கு வியாபாரிங்க முன்னாடி நீங்கதான பாடிக் காட்டணும்?"

"சரிம்மா, சரி. கோக்கோ… கோக்கோரிக்கோ."

"த்ரே பியேன்!"

பிறகு இருவரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு, அடியிலிருந்து, "போயிட்டியே மவராசா" எழுந்தது.

பிரேம்குமார் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நாளைக்கு அந்தப் பதிவைப் போடல ஆன்ட்டி. ஒண்ணுமே போடல."

"போடுற" என்றார் ழனெத். "இதைப் போடுற. முழுசா."

"முழுசாவா? அப்பா சுதியே சேராம…"

"முழுசா. எம் பேரைச் சொல்லிட்டுப் போடுற. ஒரு பெண்மணி இல்ல. மேடைக்குக் கீழ வேணாம், நூலோட கடைசியில நன்றிப் பக்கத்துல வேணாம். நாப்பத்தொண்ணாம் பக்கத்துல போடுற."

"நூல் அச்சாகிவிட்டதே!" என்றார் முனைவர்.

"பசை இருக்குல்ல?" என்றார் ழனெத். "ஒட்டுங்க."

ஒட்டினார்கள். முனைவர், பிரேம்குமார், கண்ணாடியைக் கழற்றிய வெற்றிச்செல்வன், மூவரும் தரையில் சம்மணமிட்டு, பிரதிக்கு ஒரு சீட்டாக, மாலைவரை ஒட்டினார்கள். 'எழுதி, இசையமைத்து, பாடியவர்: ழனெத்'. ஒன்பதாம் இயலை எடுத்துவிடலாமா என்று முனைவர் கேட்டார். அதை யாரும் படிக்கப்போவதில்லை, இருக்கட்டும் என்றாள் சுமலதா.

ஞாயிறு மாலை மண்டபம் நிறைந்துவிட்டது. முதல் தொகுப்பைக் கேட்டு வளர்ந்தவர்கள் தலையில் நரையும் இடுப்பில் குழந்தையுமாக வந்திருந்தார்கள். பதிவு ஒலித்தது. 'டவுன் சேவல்' என்ற இடத்தில் கூரை அதிரச் சிரித்தார்கள். தணிகாசலம் ஒருவழியாகச் சரியாகக் கூவியபோது அவருக்கும் கைதட்டினார்கள். உயிரோடு இருந்தபோது அவர் பாட்டுக்குக் கிடைத்திராத கைதட்டு. பிரேம்குமார் மைக்கைப் பிடித்து ழனெத்தின் பெயரைச் சொன்னான். ழனெத் மேடையேறினார். பொன்னாடையோடு நெருங்கிய முனைவரைக் கையமர்த்தித் திருப்பி அனுப்பினார். முனைவர் அதைத் தன் தோளிலேயே போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"பாடுங்க! பாடுங்க!" என்றது மண்டபம்.

ழனெத் மைக்கை நேராக்கினார். முதல் சரணத்தைப் பாடினார். வயதுக்குச் சம்பந்தமில்லாத குரல். இரண்டாவதைப் பாடினார், பின்வரிசையில் பெரிய மனிதர்கள் எழுந்து நின்று வெட்கமில்லாமல் கூவினார்கள்.

மூன்றாவது சரணம் அவருக்கு மறந்துபோயிருந்தது. மண்டபத்துக்கு மறக்கவில்லை.